காலேஜ் பேக் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்ட்ராப் தையலைப் பாருங்கள்

போன வருஷம் தங்கைக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த மறுநாளே வீட்டில் பேக் பேச்சு வந்துவிட்டது. போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இளம் ஊதா நிறம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. "அண்ணா, இது 30 லிட்டராம், ஆர்டர் போட்டுடவா?" என்றாள். "இரு, முதல்ல நீ என்னென்ன தூக்கப் போறேன்னு பாப்போம்" என்றேன்.

நான் நாலு வருஷம் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வந்து படித்தவன். அதற்குள் மூன்று பேக் மாற்றினேன். முதல் பேக்கின் ஸ்ட்ராப் ஆறே மாதத்தில் தாம்பரம் பிளாட்ஃபாரத்தில் அறுந்தது. இரண்டாவதில் ஜிப் போனது. மூன்றாவதை நின்று நிதானித்துப் பார்த்து வாங்கினேன். அது இன்றும் வீட்டில் உழைக்கிறது. அந்த மூன்றாவது பேக்கை எப்படித் தேர்ந்தெடுத்தேன், தங்கைக்கு எப்படி வாங்கினோம் என்பதை, இந்த வருஷம் கல்லூரியில் கால் வைக்கும் தம்பி தங்கைகளுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் சுமையை எடை போடுங்கள்

உங்கள் துறையில் படிக்கும் சீனியர் ஒருவரிடம் டைம்டேபிள் கேளுங்கள். வாரத்தில் எந்த நாள் அதிகச் சுமை என்று அவரே சொல்லிவிடுவார். பெரும்பாலும் லேப் இருக்கும் நாள்தான். அன்றைக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டுமோ, எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து எடை பாருங்கள். வீட்டில் தராசு இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

தங்கைக்குப் போட்ட கணக்கு இது. லாங் சைஸ் நோட்டு இரண்டு 700 கிராம். லேப் சோதனைகளை எழுதும் ரெக்கார்டும் அப்சர்வேஷன் நோட்டும் சேர்ந்து 600. பாடப்புத்தகம் ஒன்று 700. 15.6 அங்குல லேப்டாப் 1.8 கிலோ, அதன் சார்ஜர் 400 கிராம். தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் 1.3 கிலோ. சாப்பாட்டு டப்பா 900 கிராம். குடை, கால்குலேட்டர், பவுச் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. கூட்டினால் 6.9 கிலோ. வெறும் பேக்கே 800 கிராம் இருக்கும் என்று வைத்தால் 7.7 கிலோ. அவள் எடை 48 கிலோ.

பள்ளிப் பிள்ளைகளின் பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. கல்லூரிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் முதுகெலும்பு இரும்பாகிவிடாது. வளர்ந்தவர்களும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. தங்கையின் கணக்கோ 16 சதவீதத்தில் நின்றது.

குறைக்க வழி இருக்கிறது. லேப்டாப் தேவையில்லாத நாளில் அதை வீட்டில் வைத்தால் 2.2 கிலோ போய்விடும். கல்லூரியில் குடிதண்ணீர் வசதி இருந்தால் பாட்டிலைப் பாதி நிரப்பினால் போதும், அரைக் கிலோ போகும். இந்த இரண்டிலேயே 7.7 கிலோ 5 கிலோவுக்கு இறங்கிவிட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேக்கும் சுமையைக் குறைக்காது, தோளில் பரப்பித்தான் தரும். அதனால் இந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள்.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சுமை மூன்று கிலோவைத் தாண்டினாலோ, பஸ்ஸிலும் ரயிலிலும் நின்று போகிறவரானாலோ, இரண்டு ஸ்ட்ராப் உள்ள பேக்தான். கலைக் கல்லூரியில் ஒரு நாளைக்கு இரண்டு நோட்டும் ஒரு பேனாவும் போதும் என்றால் சைடு பேக்கோ ஜோல்னா பையோ தாராளமாகப் போதும். எனக்கு ஜோல்னா பை மேல் தனிப் பிரியமே உண்டு. துணி மெத்தென்று இருக்கும், துவைப்பது எளிது, மடித்தால் கைக்குள் அடங்கும். ஆனால் மழைக்குத் தாங்காது, லேப்டாப்புக்கும் ஆகாது. ஒரே தோளில் நாலைந்து கிலோவைத் தினமும் மாட்டினால் அந்தப் பக்கக் கழுத்து ஒரு வாரத்திலேயே வலிக்கத் தொடங்கும். டோட் பேக்கில் ரெக்கார்டின் முனை மடங்கிப்போகும்.

3. அளவு: லிட்டரை நம்பாதீர்கள், நோட்டைக் கொண்டுபோங்கள்

பேக்கில் 25 லிட்டர், 30 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அளக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரம் 45 செ.மீ., அகலம் 30, ஆழம் 18 என்றால் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 24 லிட்டர் வரும். முதலாண்டுக்கு இது போதும். 35 லிட்டர் வாங்கினால் இடம் காலியாக இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

உங்களிடம் உள்ளதிலேயே பெரிய பொருளைக் கடைக்கு எடுத்துப்போங்கள். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். கெட்டி அட்டை போட்ட ரெக்கார்டு அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். லேப்டாப் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப்பைத் திறந்து, வளைக்காமல் நெளிக்காமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். கடையில் தொங்கும் பேக்குகள் உருண்டு திரண்டு நிற்பதற்குக் காரணம் உள்ளே திணித்திருக்கும் காகிதம். அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். காகிதம் போனதும் துவண்டு விழும் பேக்கில் நோட்டு நேராக நிற்காது.

மாட்டிப் பார்க்கும்போது பேக்கின் அடிப்பக்கம் இடுப்புக்கு அருகில் இருக்கட்டும். இடுப்பிலிருந்து நாலு விரலுக்கும் கீழே தொங்கினால் நடக்கும்போது பின்னால் இடித்துக்கொண்டே வரும். குள்ளமானவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். ஸ்ட்ராப்பை முழுக்க இழுத்த பிறகும் தொங்கினால் அந்த பேக் உங்களுக்கு இல்லை.

இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர் சேருபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராயிங் வரையும் டிராஃப்டர் கருவியும், சார்ட்டைச் சுருட்டி வைக்கும் ஹோல்டரும் எந்த பேக்கிலும் முழுதாக அடங்காது. அதற்காகப் பெரிய பேக் தேடாதீர்கள். ஹோல்டரைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது.

4. ஸ்ட்ராப் தையல்

இங்கே நிதானமாக நில்லுங்கள். காலேஜ் பேக் செத்துப்போவது பெரும்பாலும் ஸ்ட்ராப்பில்தான். துணி கிழிவதற்கு வெகுகாலம் முன்பே ஸ்ட்ராப் கையோடு வந்துவிடும்.

பேக்கைத் திறந்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். ஸ்ட்ராப்பின் மேல்முனை பேக்கின் முதுகில் சேரும் இடத்தைப் பாருங்கள். நல்ல பேக்கில் அங்கே ஒரு சதுரம் தைத்து, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அல்லது பல் துலக்கும் பிரஷ் போல நெருக்கமாக, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் போன கனத்த தையல் இருக்கும். மட்டமான பேக்கில் ஒரே ஒரு ஓட்டுத் தையல்தான் இருக்கும். முழுச் சுமையும் அந்த ஒற்றை நூல்வரியில் தொங்குகிறது என்று அர்த்தம். என் முதல் பேக் அப்படிப்பட்டதுதான்.

அடுத்து ஸ்ட்ராப்பின் கீழ்முனை. பேக்கின் அடி மூலையில் முக்கோணமாக ஒரு துணித்துண்டு வைத்து, அதற்குள் நாடாவைச் செருகித் தைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் சுமை அந்தத் துண்டின் முழு அகலத்துக்கும் பரவும். நாடாவை நேரடியாக ஓரத் தையலுக்குள் நுழைத்திருந்தால் முதலில் பிய்வது அதுதான். இரண்டு கையாலும் ஸ்ட்ராப்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். தையல் துளைகள் வாய் பிளந்து நூல் பல்லிளித்தால் கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலைப்படாதீர்கள், தினமும் அந்தச் சுமையைத் தூக்கப்போவது நீங்கள்.

உள்ளே துணியின் ஓரங்களையும் பாருங்கள். வெட்டிய விளிம்பு மேல் நாடா வைத்து மூடித் தைத்திருந்தால் நல்லது. வெறும் விளிம்பாக விட்டிருந்தால் இழை இழையாகப் பிரிந்து, ஒரு நாள் தையலை விட்டே நழுவிவிடும்.

ஸ்ட்ராப்பின் அகலம் மூன்று விரலாவது இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோமைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்துங்கள். இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட்டுவிட்டதுபோல் இருந்தால் அது ஃபோம் இல்லை, வெறும் சாக்கு. விட்டதும் மெல்ல எழும்பி வருவது நல்ல ஃபோம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் அட்ஜஸ்டரில் நாடா தானாக நழுவுகிறதா என்றும் பாருங்கள். நழுவும் பேக்கைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

மேலே இருக்கும் கைப்பிடிக்கும் இதே சோதனைதான். ஏன் என்பதை பஸ் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

5. ஜிப்

ஜிப்பின் பல்வரிசை எவ்வளவு அகலமோ, அதைப் பொறுத்துத்தான் அதன் எண். 5, 8, 10 என்று வரும். ஜிப்பைத் திறக்கவும் மூடவும் இழுக்கிறோமே, அந்த ரன்னரின் பின்பக்கத்தைத் திருப்பினால் பல சமயம் அந்த எண் பொறித்திருக்கும். பெரிய அறைக்கு 8 அல்லது 10, வெளிப்பக்கச் சின்ன அறைகளுக்கு 5 இருந்தால் போதும். ஒய்கேகே என்று பொறித்திருந்தால் மகிழ்ச்சி. 1934-இல் ஜப்பானில் தொடங்கிய கம்பெனி அது, ஜிப்புக்குப் பேர்போனது. அது இல்லாத நல்ல ஜிப்களும் உண்டு.

ஒரே கையால் ரன்னரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிப் பாருங்கள். மூலைத் திருப்பத்தில் சிக்கக் கூடாது. லைனிங் துணி ஜிப்புக்குள் மாட்டக் கூடாது. ஜிப் மூடிய பிறகும் பின்னால் பல் பிரிந்தால், பெரும்பாலும் பழுது ரன்னரில்தான். முழு ஜிப்பையும் மாற்ற வேண்டாம். ரன்னரை மட்டும் மாற்றித் தரும் பேக் ரிப்பேர் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு, செலவும் குறைவு. இது தெரியாமல் என் இரண்டாவது பேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன், இன்றும் மனசு ஆறவில்லை. ஜிப் இறுகினால் மெழுகுவத்தியைப் பல்வரிசை மேல் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும்.

6. துணியும் மழையும்

600டி, 1000டி என்று அட்டையில் போட்டிருப்பது டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். எண் கூடக் கூட இழை தடிமனாகும், பேக்கின் எடையும் கூடும். காலேஜுக்கு 600 டெனியர் பாலியஸ்டர் போதுமானது. ரெக்சின் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சில வருஷத்தில் தோல் உரியும்.

"தம்பி, இது வாட்டர் ப்ரூஃப்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். துணியின் உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும், அது தூறலைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தையல் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். செமஸ்டர் நெருங்கும் நேரமும், ரெக்கார்டு முடித்துக் கையெழுத்து வாங்கும் நேரமும் அதேதான்.

முதலாண்டு நவம்பரில் ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். கொட்டும் மழை. லேபில் போய்க் கெமிஸ்ட்ரி ரெக்கார்டைத் திறந்தால் நீல ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் பக்கம் பக்கமாகக் குளம் கட்டி நிற்கிறது. மேடம் பச்சை மையில் போட்ட கையெழுத்துகளும் கரைந்துவிட்டன. பத்துச் சோதனைகளையும் மறுபடி எழுதி, ஒவ்வொன்றுக்கும் மறுபடி கையெழுத்து வாங்க இரண்டு வாரம் ஆனது. ரெக்கார்டை பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள், அந்த மை தண்ணீரில் இப்படி ஓடாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

பேக்கின் அடியில் சின்ன ஜிப்புக்குள் ரெயின் கவர் மடித்து வைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் தனியாகவும் கிடைக்கும். ஆனால் கவர் பேக்கின் முன்பக்கத்தைத்தான் மூடும், உங்கள் முதுகு வழியாக வழியும் தண்ணீர் உள்ளே போகும். அதனால் நான் நம்புவது உள்ளுறையைத்தான். ஜவுளிக் கடையில் புடவை போட்டுத் தரும் ஜிப் வைத்த கெட்டி கவர் வீட்டில் பீரோவுக்குள் கட்டாயம் இருக்கும். ரெக்கார்டையும் நோட்டையும் அதற்குள் போட்டு பேக்கில் வையுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

7. உள்ளறைகள்

லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடிவரை தொட்டுப் பாருங்கள். அந்த அறை பேக்கின் அடிக்கு இரண்டு விரல் உயரத்திலேயே முடிய வேண்டும். அடிவரை இறங்கினால், பேக்கைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பின் விளிம்புதான் முதலில் இடிபடும். கடைக்காரர்களில் பலரே இதைக் கவனிப்பதில்லை.

தண்ணீர் பாட்டில் வெளிப்பக்க வலையில் இருக்கட்டும், எக்காரணம் கொண்டும் நோட்டோடு வேண்டாம். சாப்பாட்டு டப்பாவை பேக்கிலேயே வைக்காதீர்கள் என்பேன். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ரசம் ஒரு நாள் வழி கண்டுபிடிக்கும், அந்த வாசனை புத்தகத்தை விட்டுப் போகாது. டப்பாவை ஒரு மஞ்சப்பையில் நிமிர்த்தி வைத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அதைத் தூக்கிப்போக யாரும் கூச்சப்படுவதில்லை. தோளிலும் ஒரு கிலோ குறையும்.

முதுகைத் தொடும் பக்கத்தில் ஒரு மறைவான ஜிப் அறை இருந்தால் போனும் பஸ் பாஸும் ரயில் சீசன் டிக்கெட்டும் அங்கே போகட்டும். கூட்டத்தில் முன்பக்க அறையை யார் திறந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

8. எங்கே, என்ன விலைக்கு

சென்னையில் பாரிமுனையை ஒட்டிய தெருக்களிலும் தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் வகைவகையாகப் பார்க்கலாம். கோவையில் டவுன்ஹால் பக்கம், திருச்சியில் என்.எஸ்.பி. ரோடு. தொட்டுப் பார்த்து வாங்க முடிகிறது என்பதால் நான் கடைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆன்லைனில் வாங்கினால் எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று பாருங்கள். வந்த அன்றே முழுச் சுமையையும் ஏற்றி வீட்டுக்குள் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். டேக்கை அதற்கு முன் அறுக்காதீர்கள்.

ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவான பேக் ஒரு செமஸ்டர் தாண்டினால் அதிர்ஷ்டம். ஆயிரத்தை ஒட்டிய விலையில் தையலும் ஜிப்பும் சரியாக அமைந்த பேக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இரண்டாயிரத்துக்கு மேல் போனால் நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் பெயருக்கு. வைல்ட்கிராஃப்ட், ஸ்கைபேக்ஸ், அமெரிக்கன் டூரிஸ்டர் போன்ற பிராண்டுகளில் வாரண்டி இருக்கும் என்பது பெரிய அனுகூலம். ஆனால் பிளாட்ஃபாரத்தில் அதே பெயரோடு பாதி விலைக்குத் தொங்குவதற்கு அந்த வாரண்டி கிடைக்காது. பில்லைக் கேட்டு வாங்கி உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் பில் ஒரு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

9. மாட்டுவதும் ஏறுவதும்

கனமானது முதுகை ஒட்டி: லேப்டாப், பிறகு புத்தகம், அதன்பின் நோட்டு. வெளியே லேசானவை. இரண்டு ஸ்ட்ராப்பும் தோளில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டுவது ஸ்டைலாகத் தெரியலாம். முதலில் அறுவதும் அந்த ஸ்ட்ராப்தான், வலிப்பதும் அந்தத் தோள்தான்.

கூட்டமான பஸ்ஸில் ஏறும் முன்பே பேக்கைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். முதுகில் இருந்தால் திரும்பும்போதெல்லாம் யார் முகத்திலாவது இடிக்கும், கண்டக்டரும் சத்தம் போடுவார். உட்கார்ந்திருப்பவரிடம் "அக்கா, இதைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் மறுப்பவர் அபூர்வம். சில நேரம் கேட்காமலே கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். மடியில் மூன்று பேக்குகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வந்ததும் யாருடையது எது என்று சரியாக எடுத்துக் கொடுத்த ஒரு அம்மாவை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மேல் கைப்பிடி பலமாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். தலைகளுக்கு மேலே கை மாறிப் போவது அந்த ஒரு பிடியில்தான். சேற்றில் வைத்த பேக்கையும், பாட்டில் ஒழுகும் பேக்கையும் யார் மடியிலும் கொடுக்காதீர்கள்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் தொங்கும் நாடா முனைகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். துப்பட்டா போலவே அதுவும் சக்கரத்தில் சிக்கும்.

10. பராமரிப்பு

ஞாயிற்றுக்கிழமை பேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். தேவையில்லாமல் சுமந்த பழைய பேப்பர்களைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் தேய்த்து, நிழலில் கவிழ்த்துக் காயவையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் உள்பூச்சு உரிந்து வெள்ளைத் தூளாகக் கொட்டும்.

கடைசியாக, தங்கைக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இளம் ஊதாவிலேயே 25 லிட்டரில் ஒன்று கிடைத்தது, ஆயிரத்து நூறு ரூபாய். தையல் சுமாராகத்தான் இருந்தது, மற்றதெல்லாம் சரி. வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் எடுத்துப்போனோம். புது பேக்கைப் பார்த்து, "இதுல என்னம்மா கிழிஞ்சிருக்கு?" என்றார். "கிழியறதுக்கு முன்னாடியே தைங்கண்ணா" என்றாள். இரண்டு ஸ்ட்ராப்பின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கெட்டி நைலான் நூலால் சதுரம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். நாலு இடத்துக்கும் சேர்த்து அறுபது ரூபாய். இப்போது மூன்றாவது செமஸ்டர் நடக்கிறது, அந்த நூல் ஒரு இழைகூட அசையவில்லை.